மூன்று மாத அறிவிப்பு: லாடெக் பொதிகளைக் கட்டிக் காப்பவர்களின் கதை

இந்த முறை கொஞ்சம் கணினி வரலாறு. நிரல் எழுதத் தெரியாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம், கணக்கு எதுவும் வராது :-)

இந்தக் கட்டுரைக்குக் காரணம் என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட். எங்கள் துறையில் ரிப்போர்ட் எழுத ஒரு லாடெக் கோப்பு உண்டு. சீனியர் ஜூனியருக்குக் கொடுப்பார், அவர் தன் ஜூனியருக்குக் கொடுப்பார். இப்படியே பல வருடமாகக் கைமாறி வருகிறது. பக்க ஓரம் எவ்வளவு விட வேண்டும், சான்றிதழ்ப் பக்கத்தில் கையெழுத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும், அத்தியாயத் தலைப்பு எங்கே வர வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கோப்பே பார்த்துக்கொள்ளும். நாம் விஷயத்தை மட்டும் எழுதினால் போதும்.

சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கும்போது, இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து (அ), (ஆ) என்று பெயரிட வேண்டி வந்தது. இணையத்தில் எல்லோரும் சொல்கிறபடி 'சப்கேப்ஷன்' என்ற பொதியைச் சேர்த்தேன். அவ்வளவுதான், ரிப்போர்ட் மொத்தமும் படுத்துவிட்டது. திரை முழுக்கப் பிழைச் செய்தி.

துறைக் கோப்பைத் திறந்து பார்த்தேன். மேலே ஒருவர் பெயர், 2011 என்ற வருடம், 'சந்தேகம் இருந்தால் எழுதவும்' என்று ஒரு மின்னஞ்சல் முகவரி. எழுதினேன். அடுத்த நிமிடமே திரும்பி வந்தது. அது படிப்பு முடிந்ததும் மூடிவிடுகிற மாணவர் முகவரி. சீனியர்களைக் கேட்டால் அந்தப் பெயரை ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தனை பேரும் அந்தக் கோப்பில்தான் ரிப்போர்ட் எழுதியிருக்கிறார்கள், ஒருவரும் திறந்து பார்த்ததில்லை.

ராத்திரி இரண்டு மணிக்குக் காரணம் பிடிபட்டது. துறைக் கோப்பு 'சப்ஃபிகர்' என்ற பழைய பொதியை உள்ளுக்குள் அழைத்துக்கொண்டிருந்தது. அது வழக்கொழிந்தது என்று எப்போதோ ஒதுக்கப்பட்டுவிட்டது. பழையதும் புதியதும் ஒரே பெயரை வைத்துக்கொள்ளப் பார்த்து மோதிக்கொண்டன. ஒரு வரியை நீக்கினேன், சரியாகிவிட்டது. ரிப்போர்ட்டும் கொடுத்தாயிற்று.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் போகவில்லை. எங்கள் துறைக் கோப்புக்கு வந்த இதே நிலைமை உலகம் முழுவதும் பயன்படுகிற பொதிகளுக்கும் வருமே? எழுதியவர் வேலை மாறுவார், சலித்துப் போவார், இறந்தும் போவார். அப்போது அந்தப் பொதியை யார் பார்த்துக்கொள்வார்கள்? யார் சொல்லி? தேடிப் படித்ததில் கிடைத்ததுதான் கீழே வருவது.

அடித்தளம்: ஒருவர் கட்டி, பூட்டிய வீடு

1977இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் கனூத் தன் 'கணினி நிரலாக்கக் கலை' நூலின் இரண்டாம் தொகுதிக்கு மறுபதிப்பு கொண்டுவர முனைந்தார். புதிய முறையில் அச்சுக் கோத்த மெய்ப்புப் பிரதிகள் வந்தன. பழைய உலோக எழுத்தில் இருந்த அழகு அதில் இல்லை. மனம் ஒப்பாமல், தானே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருள் எழுதுவது என்று உட்கார்ந்தார். கொஞ்ச காலத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தவருக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதுதான் 'டெக்'. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து 'டெக்ஸ்' என்று படிக்கக் கூடாது. கடைசி எழுத்து கிரேக்க எழுத்து. கலை, தொழில்நுட்பம் இரண்டையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் தொடக்கம் அது.

1990இல் கனூத் ஒரு முடிவை அறிவித்தார். இனி டெக்கில் புதிதாக எதுவும் சேர்க்க மாட்டேன், வழு இருந்தால் மட்டும் திருத்துவேன். பதிப்பு எண் ஒவ்வொரு திருத்தத்திலும் 'பை' என்ற கணித மாறிலியை நோக்கி ஓரிலக்கம் நகரும். 2021இல் அது 3.141592653 ஆனது. அவர் காலத்துக்குப் பின் பதிப்பு எண் 'பை' என்றே ஆகிவிடும். அப்போது மிச்சம் இருக்கிற வழுக்கள் எல்லாம் வழுக்கள் அல்ல, இயல்புகள்!

டெக்கில் வழு கண்டுபிடிப்பவருக்கு அவர் கொடுக்கும் பரிசு 327.68 டாலர். திருத்த வேலைக்கு உட்காரும் வருடங்களிலும் ஒரு கணக்கு இருக்கிறது: 2008, 2014, 2021, அடுத்தது 2029. இடைவெளி ஒவ்வொரு முறையும் ஒரு வருடம் கூடுகிறது.

யார் வேண்டுமானாலும் டெக்கின் நிரலை எடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றியதை டெக் என்ற பெயரில் வெளியிடக் கூடாது. பெயர் ஒன்றென்றால் விளைவும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனை பின்னால் பெரிய சண்டைக்கு வித்திட்டது. அதைப் பிறகு பார்ப்போம்.

எழுதப்படாத புத்தகத்தில் இருந்து வந்த லாடெக்

டெக்கை நேரடியாகப் பயன்படுத்துவது கஷ்டம். 1980களின் தொடக்கத்தில் லெஸ்லி லாம்போர்ட் என்ற கணினி அறிவியலாளர், உடனிகழ்வு நிரலாக்கம் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதத் திட்டமிட்டார். அதற்காக டெக்கின் மேல் தனக்கென்று சில கட்டளைகளை எழுதிக்கொண்டார். கொஞ்சம் கூடுதலாக மெனக்கெட்டால் மற்றவர்களுக்கும் பயன்படுமே என்று நினைத்துச் செய்ததுதான் லாடெக். அதன் கையேட்டைப் புத்தகமாகப் போடலாம் என்று பதிப்பகத்தார் சொன்னபோது, மென்பொருளைப் பற்றிய புத்தகத்தைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள் என்று சந்தேகப்பட்டாராம். 1986இல் புத்தகம் வந்து பெரிய வெற்றி பெற்றது. முதலில் எழுத நினைத்த புத்தகம் மட்டும் வரவே இல்லை. (இவர்தான் 2013ஆம் ஆண்டின் டியூரிங் விருது பெற்றவர்.)

லாடெக் பரவியதும் ஆளாளுக்கு ஒட்டுப்போட ஆரம்பித்தார்கள். கணிதத்துக்கு ஒரு வகை, சொற்பொழிவுத் தாள்களுக்கு ஒரு வகை, எழுத்துருத் தேர்வுக்கு ஒரு வகை என்று ஒன்றோடொன்று ஒத்துப்போகாத லாடெக்குகள் உருவாயின. ஓரிடத்தில் எழுதிய கோப்பு இன்னோரிடத்தில் ஓடாது.

1989இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த டெக் பயனர் குழுவின் ஆண்டுக் கூட்டத்தில் ஃபிராங்க் மிட்டல்பாக் என்ற ஜெர்மானிய இளைஞர் லாடெக்கின் குறைகளை எடுத்து வைத்தார். லாம்போர்ட் கோபித்துக்கொள்ளவில்லை. பொறுப்பையே கைமாற்றிக் கொடுத்தார். மிட்டல்பாக், ரைனர் ஷோப்ஃப், கிறிஸ் ரௌலி ஆகியோரோடு தொடங்கியது லாடெக் குழு. ஒரு பெரிய மென்பொருள் அதன் ஆசிரியரின் கையில் இருந்து இப்படிச் சண்டை சச்சரவின்றி அடுத்தவர் கைக்குப் போனது இந்தக் கதையில் முதல் கைமாற்றம்.

1994இல் இந்தக் குழு வெளியிட்ட பதிப்பைத்தான் நாம் இன்றும், எத்தனையோ திருத்தங்களோடு, பயன்படுத்துகிறோம். அதில் முக்கியமான மாற்றம், ஆவணத்தின் வகையையும் கூடுதல் வசதிகளையும் தனித்தனியாகப் பிரித்தது. வசதி வேண்டுமென்றால் ஒரு வரியில் பொதியின் பெயரைச் சொல்லி அழைத்துக்கொள்ளலாம். மையக் குழுவின் அனுமதி இல்லாமலே யாரும் பொதி எழுதலாம். வெள்ளம் போல வந்தன.

எல்லாவற்றையும் வைக்க ஒரு கிடங்கு

அதற்குமுன் ஒரு பொதி வேண்டுமென்றால் எந்தப் பல்கலைக்கழகத்தின் கணினியில் இருக்கிறது என்று தேட வேண்டும். ஒரே பொதி நாலு இடத்தில் நாலு பதிப்பாக இருக்கும். 1992இல் ஜெர்மனியில் ஷோப்ஃப், இங்கிலாந்தில் செபாஸ்டியன் ராட்ஸ், அமெரிக்காவின் டெக்சாஸில் ஜார்ஜ் கிரீன்வேட் ஆகியோர் சேர்ந்து மூன்று இடங்களிலும் ஒரே மாதிரி இருக்கும் கிடங்கு ஒன்றை அமைத்தார்கள். பெயர் 'சிடான்'. பெர்ல் மொழிக்காரர்களின் 'சிபான்', ஆர் மொழிக்காரர்களின் 'கிரான்' இரண்டும் பெயரிலும் யோசனையிலும் இதன் வழி வந்தவை. இன்று சிடானில் 6000க்கும் மேற்பட்ட பொதிகள் இருக்கின்றன. புதிதாக வருவதைத் தன்னார்வலர்கள் பார்த்து, உரிமம் சொல்லியிருக்கிறதா, விளக்கக் கோப்பு இருக்கிறதா என்று சரிபார்த்துத்தான் உள்ளே வைக்கிறார்கள்.

1996இல் ராட்ஸ் 'டெக் லைவ்' என்ற தொகுப்பையும் தொடங்கினார். நாம் கணினியில் நிறுவுகிற ஜிகாபைட் கணக்கான பெட்டி அதுதான். சிடானுக்கு ஒரு பொதி புதுப்பித்து வந்தால், பெரும்பாலும் ஓரிரு நாளில் டெக் லைவ் வழியாக நம்மிடம் வந்துவிடுகிறது.

பராமரிப்பு என்றால் என்ன வேலை?

பொதி எழுதுவது ஒரு மாத வேலையாக இருக்கலாம். அதைப் பராமரிப்பது வருடக்கணக்கில் இழுக்கும். அப்படி என்னதான் செய்வார்கள்?

முதலாவது, புகார்களைப் படிப்பது. 'வேலை செய்யவில்லை' என்று ஒருவர் எழுதுவார். இருநூறு பக்க ஆய்வேட்டை அப்படியே இணைத்திருப்பார். குற்றவாளி அதில் இருக்கிற நாற்பது பொதிகளில் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதனால்தான் லாடெக் உலகத்தில் யாரிடம் உதவி கேட்டாலும் முதலில் 'சிக்கலைக் காட்டும் மிகச் சிறிய கோப்பு ஒன்றைத் தாருங்கள்' என்பார்கள். இது திமிர் என்று நானும் நினைத்ததுண்டு. அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. எனக்கு ஒரே ஒரு கோப்பு, அதற்கே ராத்திரி இரண்டு மணி ஆயிற்று.

இரண்டாவது, அடுத்தவர் பொதியோடு சண்டை வராமல் பார்த்துக்கொள்வது. லாடெக்கில் பொதிகளுக்கு நடுவே சுவர் கிடையாது. ஒரு பொதி இன்னொரு பொதியின் உள்கட்டளையை மாற்றி எழுதலாம். இதற்குப் பெரிய உதாரணம் 'ஹைப்பர்ரெஃப்'. பிடிஎஃப் கோப்பில் பொருளடக்கத்தைச் சொடுக்கினால் அந்தப் பக்கத்துக்குப் போகிறதே, அதைச் செய்வது இதுதான். அதற்காகத் தலைப்பு, அடிக்குறிப்பு, மேற்கோள் என்று லாடெக்கின் பாதிக் கட்டளைகளைத் தொட்டு மாற்றும். 'ஹைப்பர்ரெஃப்பைக் கடைசியில் அழை' என்று சீனியர்கள் சொல்வது இதனால்தான்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. வழுவைத் திருத்துவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது. பத்து வருடத்துக்கு முன் எழுதிய புத்தகம் ஒன்று அந்த வழுவை நம்பிப் பக்கம் பிரித்திருக்கும். இப்போது திருத்தினால் அதில் வரி உடையும் இடம் மாறும், பக்க எண் மாறும், பின்னிணைப்பு தப்பாகும். சாதாரண மென்பொருளில் வழுவைத் திருத்தினால் எல்லோரும் கைதட்டுவார்கள். இங்கே அடி விழும்.

லாடெக் குழுவே இதில் திண்டாடியது. 1994க்குப் பின் கண்டுபிடித்த பல திருத்தங்களை மையத்தில் சேர்க்காமல் தனிப் பொதி ஒன்றில் போட்டு வைத்தார்கள். திருத்தம் வேண்டுபவர் அதை அழைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. கடைசியில் 2015இல் கொள்கையைத் திருப்பிப் போட்டார்கள். திருத்தங்கள் நேராக மையத்துக்கே வரும், பழைய நடத்தைதான் வேண்டும் என்பவர் ஆவணத்தின் தொடக்கத்தில் ஒரு தேதியைச் சொல்லி அந்தக் காலத்துக்குப் பின்னே போய்க்கொள்ளலாம். சுமை பழைய ஆவணக்காரர் பக்கம் மாறியது, ஆனால் அவருக்குக் கதவு மூடப்படவில்லை. 2019இல் இருந்து அடுத்த பதிப்பின் முன்னோட்டத்தையும் வெளியிடுகிறார்கள். பொதிக்காரர்கள் தங்கள் பொதி உடைகிறதா என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கலாம்.

இதற்கெல்லாம் சம்பளம்? பெரும்பாலோருக்கு ஒன்றும் கிடையாது. பகலில் வேறு வேலை, ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இது.

கைமாறிய பொதிகள்

நம் வகுப்பில் செமினாருக்கு எல்லோரும் பயன்படுத்துகிற 'பீமர்' பொதியை எடுத்துக்கொள்வோம். டில் டான்டாவ் என்ற ஜெர்மானிய மாணவர் 2003 பிப்ரவரியில் தன் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்காக எழுதியது அது. அதாவது, நம்மைப் போல ஒருவர் தன் செமினாருக்கு எழுதிக்கொண்டது! நண்பர்கள் கேட்டார்கள் என்று அடுத்த மாதம் சிடானில் போட்டார். அதன் பிறகு அது அவர் கட்டுப்பாட்டில் இல்லை, உலகமே பயன்படுத்த ஆரம்பித்தது. டான்டாவ் பேராசிரியரானார், நேரம் குறைந்தது. 2007க்குப் பின் மூன்று வருடம் புதுப் பதிப்பே இல்லை. 2010 ஏப்ரலில் ஜோசப் ரைட், வெட்ரான் மிலெட்டிச் இருவரிடமும் பொறுப்பு வந்தது. ரைட் இங்கிலாந்தில் வேதியியல் ஆசிரியர். அலகுகளை ஒழுங்காக அச்சிட 'எஸ்ஐயூனிட்எக்ஸ்' பொதி எழுதியவரும் இவர்தான்.

நிரல் வரிகளை அச்சிடும் 'லிஸ்டிங்ஸ்' பொதியில் மூன்று பேர் பெயர் வரிசையாக இருக்கும். 1996 முதல் 2004 வரை கார்ஸ்டன் ஹைன்ஸ், 2006இல் இருந்து ப்ரூக்ஸ் மோசஸ், 2013 முதல் யோப்ஸ்ட் ஹோஃப்மன். நடுவில் இருக்கிற இடைவெளிகளைக் கவனியுங்கள். அந்த வருடங்களிலும் உலகம் முழுவதும் ஆய்வேடுகளில் அந்தப் பொதி ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

'பிப்லாடெக்' கதை இன்னும் கவலைப்பட வைத்தது. மேற்கோள் பட்டியலை லாடெக்கிலேயே விருப்பப்படி அமைக்க உதவும் மிகப் பெரிய பொதி. பிலிப் லேமன் என்பவர் தனியாளாக எழுதினார். 2010இல் பதிப்பு 1.0 வந்தது. 2011ஓடு அவருடைய வெளியீடுகள் நின்றன. அதற்குள் எத்தனையோ பேர் தங்கள் ஆய்வேட்டை அதை நம்பி எழுதத் தொடங்கியிருந்தார்கள். 2012இல் ஃபிலிப் கைம், ஆட்ரி போருவ்கா, ஜோசப் ரைட் (மறுபடியும் அவரே!) சேர்ந்து எடுத்துக்கொண்டு பதிப்பு 2.0 கொண்டுவந்தார்கள்.

ஹைப்பர்ரெஃப்பைத் தொடங்கியவர் நாம் மேலே பார்த்த அதே செபாஸ்டியன் ராட்ஸ். அவருக்குப் பின் ஹைக்கோ ஒபர்டீக் பல வருடம் தனியாளாகப் பார்த்துக்கொண்டார். அது மட்டுமல்ல, டஜன் கணக்கில் சின்னச் சின்ன உதவிப் பொதிகளையும் எழுதினார். அவற்றை நாம் யாரும் நேரடியாக அழைப்பதில்லை, மற்ற பொதிகள் அழைக்கும். அதனால் அவர் பெயரே நமக்குத் தெரியாது. 2010களின் பிற்பகுதியில் அவர் விலகிய பிறகு, லாடெக் குழுவைச் சேர்ந்தவர்கள் 'ஒபர்டீக் பொதி ஆதரவுக் குழு' என்ற பெயரில் அவற்றை எடுத்துக்கொண்டார்கள். ஒரே மூட்டையாக இருந்ததை 2019இல் தனித்தனிப் பொதிகளாகப் பிரித்தார்கள். குழுவுக்கு அவர் பெயரையே வைத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. ராட்ஸ் 2016இல் காலமானார். அவர் தொடங்கிய ஹைப்பர்ரெஃப்பும் டெக் லைவும் வேறு கைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பெயர்ச் சண்டையும் மூன்று மாதமும்

இப்போது உரிமத்துக்கு வருவோம். இங்கேதான் என் கேள்விக்கு விடை கிடைத்தது.

லாடெக்குக்கென்று தனி உரிமம் 1999இல் எழுதப்பட்டது. கனூத்தின் நிபந்தனையே அதன் அடிப்படை: மாற்றிக்கொள், ஆனால் மாற்றிய கோப்புக்கு வேறு பெயர் வை. காரணம் நியாயமானது. ஜெர்மனியில் இருந்து ஒருவர் எனக்கு ஒரு கோப்பு அனுப்பினால், என் கணினியிலும் அதே பக்கங்கள் வர வேண்டும். என் கல்லூரி நிர்வாகி ரகசியமாக ஒரு பொதியை மாற்றி அதே பெயரில் வைத்திருந்தால் அந்த நம்பிக்கை போய்விடும்.

2002இல் டெபியன் லினக்ஸ் குழுவினர் இதை எதிர்த்தார்கள். அவர்கள் வாதமும் நியாயமானதுதான். மென்பொருளின் பெயரை மாற்றச் சொல்வது பரவாயில்லை, ஆனால் ஒவ்வொரு கோப்பின் பெயரையும் மாற்றச் சொல்வது எப்படிச் சரியாகும்? லாடெக்கில் ஒரு கோப்பு இன்னொரு கோப்பைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறது. பெயரை மாற்றினால் அழைக்கிற எல்லாக் கோப்பையும் மாற்ற வேண்டும். அப்படியென்றால் மாற்றும் சுதந்திரம் காகிதத்தில்தான் இருக்கிறது. இதனால் லாடெக் கட்டற்ற மென்பொருளே அல்ல என்று சொல்லி டெபியனில் இருந்து வெளியேற்றப்படலாம் என்ற நிலை வந்தது.

மாதக்கணக்கில் வாதம் நடந்தது. யாரும் எழுந்து போய்விடவில்லை. 2003 டிசம்பரில் பதிப்பு 1.3 வந்தது. மாற்றிய கோப்பு பழைய பெயரிலேயே இருக்கலாம், ஆனால் ஓடும்போது 'நான் மாற்றப்பட்டவன்' என்று பயனருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் கேட்டது கிடைத்தது.

அதே பதிப்பில் இன்னொன்றும் வந்தது. ஒவ்வொரு பொதிக்கும் 'தற்போதைய பராமரிப்பாளர்' யார் என்று சொல்லலாம். அவர் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சரி, பராமரிப்பாளர் காணாமல் போனால்? உரிமமே வழி சொல்கிறது:

1. முதலில் பராமரிப்பாளரையும் உரிமையாளரையும் தேடிப் பிடிக்க நியாயமான முயற்சி செய்ய வேண்டும். கிடைத்து, சம்மதித்தால், அறிவித்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

2. கிடைக்கவில்லை என்றால், 'இந்தப் பொதியை நான் எடுத்துக்கொள்ள நினைக்கிறேன்' என்று பயனர்கள் கூடும் பொது இடத்தில் அறிவிக்க வேண்டும்.

3. மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். பழையவரோ உரிமையாளரோ வேறு யாருமோ ஆட்சேபிக்கவில்லை என்றால், உங்கள் பெயரைப் பராமரிப்பாளராகப் போட்டுக்கொள்ளலாம்.

4. அதன் பிறகும் மூன்று மாதத்துக்குள் பழையவர் திரும்பி வந்து 'எனக்கு வேண்டும்' என்றால் அவருக்கே கொடுத்துவிட வேண்டும். அவர் ஒரு மாதத்துக்குள் தன் தொடர்பு முகவரியைப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவே.

இதைப் படித்தபோது உண்மையில் ஆச்சரியப்பட்டேன். மென்பொருள் உரிமம் என்றால் 'இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே, சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்றுதான் இருக்கும். ஆள் இல்லாமல் போவான் என்பதை யோசித்து, அடுத்தவன் எப்படி மரியாதையாக உள்ளே வருவது, போனவன் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று எழுதி வைத்த உரிமம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். சட்டப்படி பார்த்தால் யார் வேண்டுமானாலும் நிரலை எடுத்து வேறு பெயரில் வெளியிடலாம், தடையில்லை. ஆனால் பயனர்களுக்கு வேண்டியது அதே பெயர். அந்தப் பெயரைத் திருடாமல் வாங்கிக்கொள்ளத்தான் இந்த வழி.

நம் பக்கம்

இந்தக் கதையில் நம் ஊர்ப் பக்கமும் இல்லாமல் இல்லை. டெக் பயனர் குழுவின் ஆண்டு மாநாடு 2002இலும் 2011இலும் திருவனந்தபுரத்தில் நடந்திருக்கிறது. எல்செவியர் ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்புபவர்கள் பயன்படுத்தும் வகுப்புக் கோப்பும் அந்த ஊரில் எழுதப்பட்டதுதான்.

தமிழைப் பொறுத்தவரை, யூனிகோடு வருவதற்கு முன்பே அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே டெக்குக்காகத் தமிழ் எழுத்துரு செய்து வைத்தார். ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்து, ஒரு மாற்றி நிரல் வழியாகத் தமிழாக்கி, அச்சிட வேண்டும். 2004இல் ஜோனதன் கியூ எழுதிய 'சீடெக்' வந்த பிறகுதான் யூனிகோடுத் தமிழை அப்படியே எழுதி அச்சிடும் வழி பிறந்தது. வரி முடிவில் தமிழ்ச் சொல்லை எங்கே உடைப்பது என்ற விதிகளைத் தொகுத்தவர் மலையாளியான சந்தோஷ் தோட்டிங்கல். மற்ற இந்திய மொழிகளுக்கும் அவரே செய்து கொடுத்தார். அந்த விதிகள் டெக் லைவில் எல்லோருக்கும் போய்ச் சேர்கின்றன. தமிழ் ஆய்வேட்டை லாடெக்கில் அடிக்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

கடைசியாக

எங்கள் துறைக் கோப்புக்கு உரிமம் எதுவும் இல்லை. இருந்தாலும் லாடெக் வழியிலேயே போவது என்று முடிவு செய்தேன். பழைய மாணவர்கள் குழுவில் அறிவிப்புப் போட்டிருக்கிறேன்: 2011இல் இதை எழுதியவரைத் தெரிந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் மூன்று மாதம் கழித்து நான் எடுத்துக்கொள்கிறேன். இதுவரை இரண்டு பேர் 'அண்ணன் பெயர் கேள்விப்பட்ட மாதிரி இருக்கு' என்று சொன்னதோடு சரி.

அதுவரைக்கும் கோப்பில் நான் செய்தவை இவை. பழைய பொதியை நீக்கிவிட்டேன். 'மாற்றப்பட்டது' என்று மேலே எழுதி, என்ன மாற்றினேன் என்று தேதியோடு குறித்திருக்கிறேன். அவர் பெயரை அழிக்கவில்லை, அது அங்கேயே முதல் வரியில் இருக்கும். என் மின்னஞ்சலையும் கீழே சேர்த்திருக்கிறேன், கல்லூரி முகவரி இல்லை, சொந்த முகவரி.

ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை. கோப்பு உடைந்தால் எனக்கு எழுதுங்கள், சிக்கலைக் காட்டும் சின்னக் கோப்போடு :-) பதில் வரவில்லை என்றால் திட்ட வேண்டாம். குழுவில் அறிவித்துவிட்டு மூன்று மாதம் பொறுங்கள். பிறகு உங்கள் பெயரை என் பெயருக்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.

தகவல் பிழை எதுவும் கண்ணில் பட்டால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். 327.68 டாலர் எல்லாம் தர முடியாது, கேன்டீனில் ஒரு டீ நிச்சயம்.